புது மொய் வேண்டாம்

ஆடி பிறந்தால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அம்மன் கோயில் கூழ் நினைவுக்கு வரும். எங்களுக்குக் கறிச்சோறு நினைவுக்கு வரும். ஆலங்குடியைச் சுற்றியிருக்கிற எங்கள் ஊர்களில் ஆடியும் ஆவணியும் மொய்விருந்துக் காலம். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. எனக்குப் பணம் வேண்டும், அதனால் விருந்து வைக்கிறேன் என்று பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆடு அறுத்து ஊரைக் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவி, மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவரிடம் பெயரைச் சொல்லி மொய் வைத்துவிட்டுப் போவார்கள்.

இதற்கு ஒரு முறை உண்டு. எனக்கு ஐயாயிரம் வைத்தவர் நாளைக்கு விருந்து போட்டால் நான் அந்த ஐயாயிரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அது பழைய மொய். அதோடு நிறுத்தினால் கணக்கை முடித்துக்கொண்டு விலகுகிறார் என்று பேச்சு வரும். அதனால் மேலே கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும். அது புது மொய். அவர் அதைத் திருப்பித் தந்து மேலே புதிதாக வைப்பார். பிறகு மறுபடி நான். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. இதை வைத்து வீடு கட்டினவர்களும் போர்வெல் போட்டவர்களும் பிள்ளையை சிங்கப்பூருக்கு அனுப்பினவர்களும் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். மொய்யைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்களுக்கு இருப்பது ஒரு தென்னந்தோப்பு. அவர் தோப்பைப் பார்க்கிறார், நான் வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். ஜாக்கெட் பணத்தில் வீட்டுச் செலவு, தேங்காய்ப் பணத்தில் திருச்சியில் நர்சிங் படிக்கிற மகளுக்குப் பீஸ் என்பது எங்கள் ஏற்பாடு. சில வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் தோப்பு பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் வைத்த கன்றுகளுக்கு, மோட்டார் ஓடாத நாட்களில், குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் நான். அவை காய்க்கத் தொடங்கி இப்போதுதான் கொஞ்ச காலம் ஆகிறது. முதல் பாளை விட்ட மரத்தைப் பார்க்கப் போய் வெட்கமில்லாமல் அழுதிருக்கிறேன்.

வீடு கட்டுவதற்காக நாங்களும் ஒரு தடவை மொய்விருந்து வைத்தோம். வாங்கினதை எல்லாம் அவர் ஒழுங்காகத் திருப்பிவிட்டார். ஒருவருக்கும் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. அங்கேயே நின்றிருக்கலாம், நிற்கவில்லை. யார் வீட்டுப் பத்திரிகை வந்தாலும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புல்லட்டை எடுத்துவிடுவார். மைக்கில் பெயரையும் தொகையையும் சேர்த்துச் சொல்வார்களே, அதில் பக்கத்துத் தோப்புக்காரர் மூவாயிரம் என்றால் இவருக்கு ஐயாயிரம் என்று கேட்டாக வேண்டும்.

"ஏங்க, இப்புடி வாரி எறைக்கிறீங்களே?" என்று கேட்டால், "எறைக்கலப்பா, ஊர்ல போட்டு வச்சிருக்கேன். பேங்க்ல போட்டா மட்டும் என்ன, குட்டியா போடப் போவுது?" என்பார். பேங்கில் போட்டால் குட்டி போடத்தான் செய்யும், மெலிந்த குட்டியாக இருந்தாலும் போடும். அதைச் சொன்னால், ஜாக்கெட் தைக்கிறவளுக்குக் கணக்கு அதிகம் என்று சிரிப்பார்.

இதற்கிடையே ஒரு விசித்திரம் நடந்தது. கடையில், பஸ்ஸில், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் வாயில், எங்கும் தேங்காய் விலை ஏறிவிட்டது என்றே பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் விலை இறங்கிக்கொண்டே போனது. "சின்னக் காயா இருக்காம், எடை நிக்கலையாம்," என்று ஒவ்வொரு காய் வெட்டுக்கும் ஒரு காரணம் சொன்னார். நானும் மரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். வேப்பம் புண்ணாக்கு வாங்கிப் போட்டேன்.

ஆனி மாதக் கடைசியில் கொப்பரை மண்டிக்காரர் வீட்டுக்கு வந்தார். எங்கள் தேங்காயை வாங்குகிறவர் அவர்தான். மரியாதையான மனிதர். என் வீட்டுக்காரர் அப்போது வீட்டில் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ரொம்பத் தயங்கி, "அம்மா, ஒங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டேன், ஒங்க காதுலயும் போட்டுடுறேன். எனக்குக் கையில பணம் இல்ல, கொப்பரை எடுக்கணும். ஆவணிக்குள்ள அசலக் குடுத்துடுங்க. முடியலேன்னா தோப்பக் கிரயம் பண்ணிக் குடுத்துட்டு, கடன் போக மிச்சத்த வாங்கிக்கங்க," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த அசல் என்று கேட்டேன். அவர்தான் சங்கடப்பட்டார். தோப்பை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டு, கேட்ட போதெல்லாம் கொடுத்ததில் நான்கு லட்சம் ஆகியிருக்கிறது. மாதம் எட்டாயிரம் வட்டி. அதைத் தேங்காய்ப் பணத்தில் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்து வந்திருக்கிறார். விலை இறங்கிய மர்மம் அதுதான்.

இவர் வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. நான்கு லட்சமும் மொய் வைக்கத்தான் வாங்கியது என்றார். குடிக்கவில்லை, சீட்டு ஆடவில்லை, வேறு வீடு வைத்துக்கொள்ளவில்லை. வட்டிக்கு வாங்கி வட்டியில்லாமல் ஊருக்குக் கொடுத்திருக்கிறார். என் மகளின் பீஸையும் நான் தண்ணீர் சுமந்த மரங்களையும் கறிச்சோற்றுப் பந்தலில் கொண்டுபோய் எழுதிவிட்டு வந்திருக்கிறார். இதைக் கேட்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வந்த கோபத்தில் சோற்றைப் போட்டுத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

"அம்புட்டுப் பணமும் வெளில இருக்குப்பா. ஒரு விருந்தப் போட்டா வந்துரும். புது மொய்யும் சேந்தா ஏழெட்டு லச்சம் விழும். கடன அடச்சுட்டு மிச்சத்துல மாடி எடுத்துரலாம்," என்றார். தோப்பு கை நழுவிப் போகிற நேரத்தில் மாடி.

மறுநாள் அவரை உட்காரவைத்து ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொன்னேன். எங்களுக்கு வரவேண்டிய பழைய மொய் மட்டும் எவ்வளவு என்று கூட்டினேன். நான்கு லட்சத்து அறுபதாயிரம் வந்தது. சாப்பாட்டுச் செலவைக் கழித்தால் கடனுக்கு மட்டுமட்டாகச் சரியாக இருக்கும். "பழசு மட்டும் வாங்குவோம். புதுசு வேணாம்," என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பைத்தியமா? பழசு மட்டும் வாங்கினா மொய்ய விட்டே வெலகுறோம்னு அர்த்தம். அதுவும் முழுசா வருமா? நாலு பேரு வரலேன்னா தோப்பு போயிரும்."

"புதுசு வாங்கினா அடுத்த வருசம் போயிரும். அத திருப்பி வைக்கப் பணம் எங்க இருக்கு? மறுபடியும் மண்டிக்காரர்ட்டதான போவீங்க?"

நான் போனை எடுத்து அவர் கையில் கொடுத்து, "புதுசு வாங்குறதா இருந்தா, தோப்பு இப்ப யாருதுன்னு மகள்கிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மெஷின் மேல் வைத்துவிட்டு, "ஒன் இஷ்டப்படி செய்யி," என்று தோப்புப் பக்கம் போய்விட்டார். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் தோப்பு மிஞ்சாது.

ஆலங்குடியில் பத்திரிகை அடிக்கக் கொடுக்க நானும் கூடப் போனேன். தனியாக அனுப்பினால் மாற்றி அடித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று பயம். அச்சகக்காரர், 'புது மொய் அன்புடன் தவிர்க்கவும்' என்ற வரியை இரண்டு தடவை படித்தார். "இந்த மாதிரி யாரும் அடிச்சதில்லையேக்கா. ஆளுங்க தப்பா நெனப்பாங்களே," என்றார். நினைத்தால் நினைக்கட்டும், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றேன். இவர் அந்தப் பக்கம் திரும்பிக் காலண்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனியாக விருந்து போட்டால் ஆட்டுக்கே பணம் போய்விடும். அதனால் அந்த வாரம் விருந்து வைக்க இருந்த இன்னும் நான்கு குடும்பங்களோடு சேர்ந்து கூட்டாக வைத்தோம். ஒரே பந்தல், ஒரே சமையல், செலவு ஐந்தாகப் பங்கு. ஆளுக்கு ஒரு மொய் மேஜை. மற்ற நான்கு பேரும் அவரவர் படம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். எங்களுக்கு வேண்டாம் என்றேன். இவருக்கு அதில்தான் ரொம்ப வருத்தம்.

விருந்தன்று காலை பத்து மணிக்கெல்லாம் பந்தல் நிரம்பிவிட்டது. கறிக்குழம்பு வாசம் மெயின் ரோடு வரைக்கும் அடித்தது. இவர் வாசலில் கும்பிட்டபடி நின்றார். நான் எங்கள் மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் அங்கே உட்காருவது வழக்கமில்லை. சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள், நானும் திருப்பிப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் பத்திரிகையைப் படித்திருந்தார்கள். பழையதைக் கொடுத்துவிட்டு, "அப்ப முடிச்சுக்கிறீங்களாக்கும்?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஒருத்தர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எனக்கும் முடிக்கணும்னுதான் இருக்கு, தைரியம் வரல," என்று மெதுவாகச் சொன்னார்.

மத்தியானம் இவருடைய அக்கா வீட்டுக்காரர் வந்தார். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்கிறவர். பழைய மொய் பதினைந்தாயிரத்தை எண்ணி வைத்தார். அதன் மேல் இன்னும் ஒரு கட்டை வைத்து, "இது புதுசு, இருபத்தஞ்சு. மாப்ளைக்கு நான் வச்சதுன்னு மைக்குல நல்லா சத்தமாச் சொல்லுங்கப்பா," என்றார்.

இவர் வாசலிலிருந்து ஓடி வந்துவிட்டார். அந்தக் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதுவரை வந்திருந்த பணம் போதாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த ஒரு கட்டு பாதிக் குறையைத் தீர்த்துவிடும். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். நான் கட்டை எடுத்து அக்கா வீட்டுக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இத வாங்கினா ஒங்களுக்குத் திருப்பி வைக்கிறதுக்கு மறுபடியும் தோப்பத்தான் எழுதிக் குடுக்கணும்."

"சொந்தத்துக்குள்ள இதெல்லாம் என்ன பேச்சு தங்கச்சி? என் காசு ஒங்களுக்கு ஆகாதா?"

"ஒங்க காசு ஆகும்ணே. புது மொய்தான் ஆகாது."

அவர் இவர் முகத்தைப் பார்த்தார். இவர், "அவ சொல்றது சரிதான் மச்சான்," என்றார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படக்கூட எனக்கு நேரமில்லை. மச்சான் கட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வெற்றிலை பாக்குகூட எடுக்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் மேஜையை மடக்கியபோது, பங்குச் செலவு போக, கடனுக்கு நாற்பத்தெட்டாயிரம் குறைந்தது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் சிலர் அனுப்பவில்லை, ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒன்றிரண்டு பேர் வேண்டுமென்றே வரவில்லை. இவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பந்தல் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்த மொய்யைத் திருப்பிக் கொடுத்துத் தோப்பை விட்ட புத்திசாலி என்று ஊரில் பெயர் வாங்கப் போகிறேன் என்று நினைத்தேன். என் கம்மலையும் போஸ்டாபீஸ் ஆர்.டி.யையும் சேர்த்தால்கூட எட்டவில்லை.

அடுத்த நாள் காலையில் எழுந்ததும் புல்லட்டை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். மத்தியானம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார்.

"ஏங்க, வண்டி எங்க?"

"அறந்தாங்கி ரோட்டுல ஒருத்தன் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருந்தான். குடுத்துட்டேன். அம்பது குடுத்தான்," என்றார். பணத்தை மெஷின் மேல் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். அந்த வண்டியைத் துடைக்கிற துணிகூட அவருக்குத் தனியாக இருக்கும், அதை வேறு எதற்கும் எடுக்க விடமாட்டார். அன்றைக்கு முட்டைக் குழம்பு வைத்தேன், அவருக்குப் பிடித்த மாதிரி.

அந்த வாரமே ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போனோம். மண்டிக்காரரும் வந்திருந்தார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அடமானத்தை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார். "தேங்காய மட்டும் வேற மண்டிக்குப் போட்டுராதீங்கம்மா," என்று சிரித்தார். போட மாட்டோம் என்றேன், அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்விட்டு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். ஊர் வந்ததும் அவர்தான் எழுப்பினார்.

வட்டிக்குப் போன எட்டாயிரம் இப்போது வீட்டுக்கு வருகிறது. பாதியை மகள் பீஸுக்கென்று பேங்கில் போடுகிறோம், மீதியில் ஒரு பங்கு தோப்புக்கு, ஒரு பங்கு எதுவும் இல்லாத மாதத்துக்கு. சிங்கப்பூர்க்காரர்களில் ஒருவர் போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டார். அது வந்த சத்தம் கேட்டதும் இவர் எழுந்து, மொய் வைக்கப் போக வெள்ளைச் சட்டையைத் தேடினாரோ என்று நான் கேலி செய்தேன். அவருக்கும் சிரிப்பு வந்தது.

ஆவணி கடைசியில் மச்சான் வீட்டு மொய்விருந்து வந்தது. பத்திரிகை வைக்க அவர் வரவில்லை, அக்காதான் வந்தார். தட்டில் பத்திரிகையை வைத்து, "சாப்புட வாங்க," என்று மட்டும் சொன்னார். போகாமல் இருக்க முடியாது. போனால் மொய் மேஜையைத் தாண்டித்தான் வரவேண்டும். பழைய பாக்கி எதுவும் இல்லை, அங்கே எழுதுவது எதுவானாலும் அது புது மொய்தான். கிளம்பும்போது இவர் பீரோவைத் திறந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் வைத்ததை நான் பார்த்துவிட்டேன். ஐந்து ஐந்நூறு ரூபாய்த் தாள். பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு மனசு கொதித்தது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லையே இந்த மனுஷனுக்கு, ஐயாயிரம் ரெண்டாயிரத்து ஐந்நூறானது ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பந்தலில் அருமையான கறி. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தபோது மேஜையில் எழுதுகிறவர் இவரைப் பார்த்துப் பேனாவைத் தூக்கினார். பக்கத்தில் மச்சான் நின்றார். "நான் சாப்புட வந்தேன்ப்பா," என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்து, "கறி நல்லா இருந்துச்சு மச்சான்," என்றார். மச்சான், "எலும்பு போட்டாய்ங்களா ஒனக்கு?" என்று கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் இவர் வாசலுக்குப் போகாமல் வீட்டுக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன். அக்கா அடுப்படியில் இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து அந்த ஐந்து தாளையும் எடுத்து அக்கா கையில் வைத்து, "சேல எடுத்துக்கக்கா," என்றார்.

அக்கா பணத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மேசையில குடுக்கலையாடா? யார் பேர்ல எழுதச் சொல்லட்டும்?"

"எழுதாதக்கா. திருப்பித் தரவும் வேணாம். ஒனக்குக் குடுத்தேன்."

அக்கா அதை எண்ணவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, அந்த முடிச்சைக் கையில் பிடித்தபடியே அழுதார். தம்பி தனக்கென்று ஒன்று வாங்கிக் கொடுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று என்னிடம் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து பணம் போவதைப் பார்த்து எனக்குக் கோபம் வராதது அன்றைக்குத்தான்.